கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்

ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், தான் செய்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? தெரியாமல் செய்தவருக்குக் கொடுப்பது தண்டனையா, வெறும் அடியா? படித்தவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். மெல்பேர்னில் எட்டு இருக்கை வேன் ஓட்டும் சுஜீவா அதில் ஒரு வரியும் படித்தவள் அல்ல. அந்தக் கேள்வி சிட்னியிலிருந்து விமானத்தில் வந்து அவளுடைய வேனின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தது.

‘மலை, தீவு, கோட்டை. மூன்று நாள், உங்கள் குடும்பத்துக்கு மட்டும்’ என்பது வேனின் பக்கவாட்டில் அவள் ஒட்டியிருக்கும் வாசகம். மலை என்றால் டண்டினோங் மலை. தீவு, பென்குவின்கள் கரையேறும் பிலிப் தீவு. கோட்டை, பலரட் பக்கம் ஒரு குன்றின்மேல் எவரோ ஒரு பணக்காரர் ஐரோப்பா நினைப்பில் கட்டி வைத்தது. சரித்திரக் கோட்டை என்றுதான் விளம்பரம். உண்மையில் அதற்கு ஏறக்குறைய சுஜீவாவின் வயதுதான், ஐம்பது. அவள் நல்ல வழிகாட்டி என்று சொல்லிவிட முடியாது. மரங்களின் பெயர் தெரியாது. வண்ணமாக இருக்கிற பறவை எல்லாம் அவளுக்குக் கிளி. வளைவுகளில் யாருக்கும் வயிற்றைப் புரட்டாமல் ஓட்டுவாள், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பாள். அவ்வளவுதான்.

வேனுக்கு முன், மெல்பேர்ன் புறநகரான ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினாள். அதற்கும் முன் படகு. படகேறியபோது ஐந்து வயது மகன் சுபாங்கனை வவுனியாவில் தமக்கையிடம் விட்டு வந்தாள். ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

அகதி நேர்காணலில் எதிரே ஓர் அதிகாரி இருந்தார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசி ஒலிபெருக்கியில் ஒரு குரல் மட்டும். ராணுவத்திடம் அகப்பட்ட காலத்தைப் பற்றிக் கேட்டபோது சுஜீவா சொன்னாள்: “மூண்டு மாசம் மறியலில இருந்தனான்.” யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மறியல் என்றால் சிறை. சென்னையில் மறியல் என்றால் நடுரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பது. அந்தக் குரல் சென்னைக் குரல். மூன்று மாதம் இவர் சாலை மறியல் போராட்டத்தில் கலந்துகொண்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னது. எழுதிக் கொடுத்ததில் தடுப்புக்காவல், வாயால் சொன்னதில் போராட்டம். முன்னுக்குப் பின் முரண், நம்பத்தக்கவர் அல்ல என்று விண்ணப்பத்தைத் தள்ளினார்கள்.

அது அவளுக்குத் தெரியவே ஏழு வருடம் ஆயிற்று. நேர்காணலின் ஒலிப்பதிவை வழக்கறிஞர் வாங்கிக் கொடுத்திருந்தார். கிடங்கில் இடைவேளைகளில் அதைக் காதில் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவளுடைய ஆங்கிலம் அப்போது பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை வாசிக்கிற அளவுதான். ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், மறியலுக்கு அந்தக் குரல் போட்ட ஆங்கிலச் சொல் விளங்கியது. கையைக் கழுவாமல் எழுந்துபோய் வழக்கறிஞருக்குப் போன் அடித்தாள். வழக்கு மறுபடி நடந்து, விசா வந்து, சுபாங்கன் வந்து இறங்கியபோது அவனுக்குப் பதினாறு வயது. பெரியம்மாவைத்தான் அவன் அம்மா என்பான். இவளைக் கூப்பிட வேண்டி வந்தால் “சுஜீம்மா” என்று ஒரு அடையாளம் சேர்த்துக்கொள்வான்.

குரலுக்கு முகமில்லை, பெயரில்லை, ஒரு எண் மட்டும். அந்தக் குரலைக் கண்டால் என்ன செய்வதென்று சுஜீவா எத்தனையோ தடவை யோசித்து வைத்திருந்தாள்.

மூன்று நாள் பயணத்துக்குச் சிட்னியிலிருந்து வந்த பார்த்தசாரதியும் கிரிஜாவும் அறுபதைத் தாண்டிய தம்பதி. அங்கே பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கிரிஜாவுக்கு ஸ்காட்லாந்து பார்க்க ஆசை. முழங்கால் அவ்வளவு நீண்ட விமானப் பயணத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

“அதுக்குப் பதிலா என்னை பலரட் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறார். காசிக்குப் போகணும்னேன், காசி தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போன கதை” என்று ஏறும்போதே சொன்னாள் கிரிஜா.

முதல் நாள், மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரின் விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலை ஏறினார்கள். பாதி வழியில் பார்த்தசாரதி, “சுஜீவா, ஓரமா நிறுத்தும்மா. ஒரு போன் கால் வரும், பத்து நிமிஷம்” என்று இறங்கினார்.

“லீவுலயும் இவருக்கு இன்டர்ப்ரெட்டிங். யாரோ ஆஸ்பத்திரில இருக்காங்களாம்” என்றாள் கிரிஜா.

உயர்ந்த மரங்களுக்கடியில் நின்று அவர் போனில் பேசத் தொடங்கினார். ஜன்னல் திறந்திருந்தது.

“வணக்கம்மா, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நீங்க சொல்றதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஏதாவது புரியலைன்னா...”

“...தயங்காம கேளுங்க.” சுஜீவாவின் உதடுகள் அவரை முந்திக்கொண்டு முடித்துவிட்டன.

“என்னம்மா சொன்னே?” என்றாள் கிரிஜா.

“ஒண்டுமில்லை அன்ரி.”

மீதி வளைவுகளில் அன்று கிரிஜாவுக்கு வயிற்றைப் புரட்டியது.

மறுநாள் தீவில், கடலைப் பார்த்த படிக்கட்டில் பென்குவினுக்காகக் காத்திருந்தார்கள். பார்த்தசாரதி நல்ல உற்சாகத்தில் இருந்தார். தான் மொழிபெயர்த்த படகுக்காரர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

“எல்லாம் ஒரே கதைதான்மா. ஊர் பேரை மாத்தினா அடுத்த கேஸ். நானே தூக்கத்துல சொல்லுவேன்.”

“ஏன்னா, அந்தப் பொண்ணும் அந்த ஊருதானே! வாயை வெச்சுண்டு சும்மா இருங்கோளேன்” என்றாள் கிரிஜா.

“பரவாயில்லை அன்ரி. அங்கிள், எங்கட தமிழ் உங்களுக்கு முழுக்க விளங்குமோ?”

“பதினெட்டு வருஷ சர்வீஸ்மா. ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது.”

“அப்ப மறியல் எண்டா என்ன?”

“இதென்ன கேள்வி? ரோட்டுல உக்காந்து மறிக்கிறது. சாலை மறியல், ரயில் மறியல். உங்க ஊர்ல உண்டோல்லியோ?”

“உண்டு, அங்கிள்” என்றாள் சுஜீவா.

முதல் பென்குவின் கரையேறியது. எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். அவள் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை தவறுகிறது வேறு. பதினெட்டு வருடம் தெரியாமலே தெரிந்தவராக இருப்பது வேறு. ஒலிப்பதிவு போனில் இருந்தது. மூன்றாம் நாள், விமான நிலையம் போகும் வழியில், வேனின் ஒலிபெருக்கியில், அவருடைய மனைவி கேட்க அதைப் போடுவது என்று முடிவெடுத்தாள். அவர் எதில் பெருமைப்படுகிறாரோ அது கிரிஜாவின் கண்முன்னே உடைய வேண்டும்.

கோட்டைக்கு முதலில் போக வேண்டியிருந்தது. அங்கே நிலவறையில் ஒரு சிறைக்கூண்டு உண்டு. கம்பிக்கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். வருகிறவர்கள் உள்ளே நின்று கம்பியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கிரிஜா படி இறங்க முடியாமல் மேலே காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உள்ளுக்குப் போங்கோ அங்கிள், ஒரு படம் எடுப்பம்.”

அவர் போய் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றார். சுஜீவா தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு போனைக் கம்பிக்கருகே பிடித்தாள்.

‘வணக்கம்மா, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர்...’

முதலில் அவர் சிரித்தார், யாரோ தன்னைப்போல் பேசிக் காட்டுகிறார்கள் என்று. பிறகு தன் குரல் என்று தெரிந்துகொண்டார். கேள்வி வந்தது. மூண்டு மாசம் மறியலில இருந்தனான் என்று ஒரு பெண் சொன்னாள். அதைத் தன் குரல் தயங்காமல் மொழிபெயர்ப்பதைக் கேட்டார். சுஜீவா பதிவை நிறுத்தினாள்.

“இது... நீயாம்மா?”

“நான்தான். என்ர மகனுக்கு அப்ப அஞ்சு வயது. போன வருசத்துக்கு முதல் வருசம்தான் அவனைத் திரும்பக் கண்டனான்.”

“சரியாத்தானே சொன்னேன்?” என்றார். தர்க்கம் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அது அவளை இன்னும் எரித்தது.

“இப்ப எங்க நிக்கிறியள் அங்கிள்?”

“கதவைத் திறம்மா. மூச்சு முட்டறது.”

“எங்க நிக்கிறியள்?”

“ஜெயில்ல.”

“அதை எங்கட ஊரில என்னெண்டு சொல்லுவினம்? நீங்கள் பதினெட்டு வருச சர்வீஸ். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அவர் கம்பியைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். அவர் முகம் விளங்கிக்கொள்வதை அவள் ஒரு கணமும் விடாமல் பார்த்தாள். இதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தாள்.

“மறியல்” என்றார், சத்தமே இல்லாமல்.

“கேக்கேல்லை.”

“மறியல்ல நிக்கிறேன்.”

படியில் வேறு காலடிகள் கேட்டன. சுஜீவா தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

மேலே வந்ததும், “ஏன் மூஞ்சி வெளுத்திருக்கு?” என்றாள் கிரிஜா.

“கீழே காத்தே இல்லை” என்றார்.

விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். பார்த்தசாரதி தானாகவே முன்சீட்டில் ஏறினார். போன் டாஷ்போர்டில், தாங்கியில் இருந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் சுஜீவா அதைத் தொட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடினார். பின்னால் கிரிஜா கோட்டையைத் திட்டிக்கொண்டே வந்தாள். இதற்கு வேலூர் எவ்வளவோ மேல் என்றாள். பதிவைப் போட மறந்து போனாளா என்று சில நாள் கழித்து அவளுடைய சிநேகிதி வினுஷா கேட்டபோது சுஜீவா சொன்னாள்: “மறக்கேல்லை. போட்டால் ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும். அவரை அப்பிடியே ஒரு மணித்தியாலம் வைச்சிருந்தனான்.”

மூன்று வாரத்துக்குப் பிறகு வாட்ஸப்பில் அவரிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிட்டதாகவும், கிரிஜாவிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தார். ‘விட்டால் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. என் தவறை மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் கோப்பு எண் இல்லாமல் அதை ஏற்க மாட்டார்கள். எண்ணை மட்டும் அனுப்புங்கள்.’

“குடுங்கோ அக்கா! தன்ர கழுத்துக்குத் தானே கயிறு கேக்கிறார், நீட்ட என்ன?” என்றாள் வினுஷா.

அந்த எண் சுஜீவாவுக்கு மனப்பாடம். பத்து வருடம் ஒவ்வொரு படிவத்திலும் எழுதிய எண். பாதி தட்டினாள், பிறகு அழித்தாள்.

“ஏனக்கா?”

“குடுத்தால் அவருக்கு அதோட முடிஞ்சிடும். வெளிக்கிடு, பூசைக்கு நேரமாகுது.”

பார்த்தசாரதி இன்னும் இரண்டு முறை எழுதினார். கடைசிச் செய்தியில் ‘தயவுசெய்து’ என்ற சொல் மட்டும்தான் இருந்தது. சுஜீவா எல்லாவற்றையும் திறந்து வாசித்தாள். வாசித்ததைச் சொல்லும் நீலக் குறி அவருக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் வாசித்தாள். ஒலிப்பதிவை அழிக்கவில்லை. எண்ணைக் கொடுக்கவுமில்லை.