வீட்டுக்கார பாய் கொண்டுவந்த கஞ்சி

ஆனையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருந்தார், நாங்கள் கீழே. டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடும். நாங்கள் கிறிஸ்தவர்கள். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தும் வாடகை கொடுக்கும்போது பேசிய பேச்சைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இருந்ததில்லை. குறை அவருடையது இல்லை. எனக்குப் பேச வராது. மருந்து மொத்தக் கடையில் பெட்டி கட்டுகிற வேலை. அங்கேயும் என் குரலை யாரும் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் யாரோ எதையோ பரப்பிவிட்டு, எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒருவரையொருவர் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். மாதா கோயில் ஃபாதரும் பள்ளிவாசல் ஜமாஅத்தாரும் சேர்ந்து மாதாமாதம் ஒரு நல்லிணக்கக் கூட்டம் போட ஆரம்பித்தார்கள். நான் சண்டைக்குப் போகாத ஆள் என்பதால் என்னையும் சேர்த்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் எதிர் வரிசையில் எங்கள் வீட்டுக்கார பாய்.

மனம் நோகிற விஷயங்களை அங்கே பேசக்கூடாது என்பது ஏற்பாடு. அதனால் எல்லோரும் நல்லதையே பேசினார்கள். அவர்கள் எங்கள் இயேசுவை ஈசா நபி என்று சொல்லி உயர்வாகப் பேசினார்கள், எங்கள் பக்கம் நோன்பைப் புகழ்ந்தார்கள். கை தட்டிவிட்டு சமோசா சாப்பிட்டுக் கலைந்தோம். வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் மெதுவாகக் கேட்டுக்கொள்வார்கள், இவர்கள் எதற்காக இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறார்கள் என்று. அவர்களும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

அந்த வருஷம் எங்கள் தவக்காலமும் அவர்கள் ரமலான் நோன்பும் ஒரே நேரத்தில் வந்தன. நோன்பு தொடங்கிய அன்று சாயங்காலம் பாய் தூக்குவாளியோடு எங்கள் வாசலில் நின்றார். பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி. அதுவரை பெருநாளுக்குப் பிரியாணி மட்டும்தான் வரும், அதையும் அவர் பேரன் கொண்டுவந்து கொடுப்பான். இப்போது பாயே தினமும் வந்தார். வாளியைக் கொடுத்துவிட்டு உடனே போகவும் மாட்டார். ஏதோ சொல்லப் போவது போல நிற்பார், பிறகு வெயிலைப் பற்றி ஏதாவது பேசிவிட்டு மாடி ஏறிவிடுவார்.

என் மனைவிக்கு அது முதல் நாளே பிடிபட்டுவிட்டது.

"அவுக சின்ன மகனுக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சு. மருமக வந்தா எங்க இருக்கும்? காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி கஞ்சி ஊத்துறாக."

எங்கள் மகள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் சாமான்களை அள்ளிக்கொண்டு வீடு மாறினால் அவள் படிப்பு என்ன ஆகும்? அதன்பிறகு வாளியைப் பார்த்தாலே, இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று தோன்றியது. மாடியில் மேஜை நகரும் சத்தம் கேட்டால்கூட சாமான்களைக் கீழே இறக்கத் தயாராகிறார்கள் என்று நினைத்தேன்.

கஞ்சியில் கொத்துக்கறி கிடக்கும். எங்கள் வீட்டில் தவக்காலம் முடிகிற வரை கறி தொடமாட்டோம். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் கை தட்டிவிட்டு வீட்டில் அவர்கள் சாப்பாட்டை மறுத்தால் என்ன நினைப்பார்? காலி பண்ணச் சொல்ல அதுவே சாக்காகிவிட்டால்? வாங்கி வைத்துக்கொண்டு, தெருமுனையில் இருந்த கொத்தனார் வீட்டுக்குக் கொடுத்து வந்தேன். அந்த வீட்டம்மா ஒருநாள் வழியில் பாயைப் பார்த்து, கஞ்சி ரொம்ப ருசி என்று மனசாரப் பாராட்டிவிட்டார்.

அன்று பாய் வெறுங்கையோடு வந்தார்.

"ஏன் தம்பி, நாங்க தொட்டதுன்னு தள்ளிட்டீகளா?"

உள்ளே இருந்து என் மனைவிதான் தவக்காலத்தைப் பற்றிச் சொன்னாள்.

"இத மொத நாளே சொன்னா என்ன? கறி போடாம ஒரு சட்டி தனியாக் காய்ச்சச் சொல்லியிருப்பேன்ல."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"நீங்களும்தான் சொல்லல பாய். வீடு வேணும்னா வேணும்னு கேட்டிருக்கலாம்ல."

அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். கல்யாணம் பெருநாள் கழிந்து. பெண் பேசி முடித்த அன்றே வீட்டை என்னிடம் கேட்க நினைத்தாராம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சகோதரர்கள் என்று பேசியாகிவிட்டது. மறுநாளே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொன்னால் ஃபாதர் என்ன நினைப்பார், ஜமாஅத்தில் என்ன சொல்வார்கள் என்று தயங்கியிருக்கிறார். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்றுதான் தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"கூட்டம் இல்லாட்டி எப்பவோ கேட்டிருப்பேன் தம்பி. நல்லதையே பேசச் சொல்லி வாயக் கட்டிட்டாக."

நாங்கள் சந்தேகப்பட்டது சரிதான். அது தெரிந்தபோது கோபம் வந்தது, கூடவே நிம்மதியும் வந்தது. மகள் பரீட்சை முடிகிற வரை இருக்கவேண்டும் என்று கேட்டேன். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதுவரை மாடியிலேயே சமாளித்துக்கொள்வார்கள் என்றார். என் மனைவி நம்பவில்லை. நானும் பாதிதான் நம்பினேன். வெள்ளையடிக்கிற ஆள் எவனாவது வருகிறானா என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. மகள் கடைசிப் பரீட்சையும் எழுதி முடித்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு விளாங்குடியில் ஒரு வீடு பார்க்கப் போனார். அந்த வீட்டுக்காரர் நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றதும் இழுத்தார். வீட்டில் மைக் வைத்து ஜெபக்கூட்டம் நடத்துவோமா என்று கேட்டார்.

நான் பதிலைத் தேடுவதற்குள் பாய் முந்திக்கொண்டார். "இவரு பேசுனாலே பக்கத்துல இருக்கிறவனுக்குக் கேக்காது. ஜெபம் எங்கிட்டுக் கேக்கப் போகுது? பத்து வருஷமா எங்க வீட்டுல இருக்காக, ஒரு சத்தம் கிடையாது."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சாவியைக் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது மறுபடியும் மனசு அரித்தது. வழக்கமாக இருந்தால் பேசாமல் வந்திருப்பேன். அன்று பின்னால் உட்கார்ந்தபடியே கேட்டேன், எனக்காகப் பேசினாரா, தன் வீடு சீக்கிரம் காலியாக வேண்டும் என்பதற்காகப் பேசினாரா என்று.

பாய் வண்டியை மெதுவாக்கினார்.

"ரெண்டுக்கும்தான் தம்பி. வேற மாதிரி சொன்னா நம்புவீகளா?"

நம்பியிருக்க மாட்டேன்.