மகளின் கையெழுத்தில் நான் நிரப்பிய ஃபாரம்

என் மகளுடைய கையெழுத்தை அவளைவிட நான் நன்றாகப் போடுவேன். இரண்டு வருடம் அவளுடைய நோட்டுகளை எழுதிய கை இது. ஷார்ஜாவில் எங்கள் கட்டிடத்துத் தாய்மார்கள் எல்லோரும் செய்த வேலைதான். நோட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் பக்கத்து ஃப்ளாட்டுப் பிள்ளையின் நோட்டை இரவல் வாங்கி, பிள்ளை எழுதாமல் விட்டதை முடித்துக் கொடுப்போம். மற்றவர்கள் விட்டுப்போனதை மட்டும் எழுதினார்கள், நான் மொத்தத்தையும் எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கி, பக்கத்துக்கு இரண்டு தப்பும் போட்டு வைப்பேன். டீச்சருக்கும் சிவப்பு மையில் சுழிக்க ஏதாவது வேண்டாமா?

அவள் அப்போது நாலாம் வகுப்பு. முவைலா பக்கம் ஓர் இந்தியப் பள்ளிக்கூடம்; காலையில் பெண் பிள்ளைகள், மதியத்துக்கு மேல் ஆண் பிள்ளைகள். எழுதத்தான் சோம்பேறி, மற்றபடி மூளைக்காரி என்று நான் நினைத்திருந்தேன். மீன் ஆய்ந்துகொண்டே பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். கணக்கைக் கேட்கவே வேண்டாம். சிக்னலில் முன்னால் நிற்கும் இரண்டு வண்டிகளின் நம்பரைக் கூட்டி, பச்சை விழுமுன் விடை சொல்லிவிடுவாள்.

அந்த வருடம் பள்ளியில் இரண்டு புது அறைகள் திறந்தார்கள். ஒன்று கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க. கிஃப்டட் குரூப் என்று பெயர். மற்றது படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு, ரிசோர்ஸ் ரூம். முதல் அறை என்றால் மாடிக்கு மாடி கேட்கும்படி பேசுவோம். இரண்டாவதைப் பற்றி லிஃப்டில்கூட வாய் திறக்க மாட்டோம். கணக்கு டீச்சர் என் மகளை முதல் அறைக்குச் சிபாரிசு செய்து ஒரு ஃபாரம் கொடுத்தனுப்பினார். அதன் அடியில் ஒரு கட்டம்: நீ ஏன் சேர விரும்புகிறாய், மாணவி தன் கையாலேயே எழுத வேண்டும்.

நான் எழுதினேன். விஞ்ஞானி ஆக வேண்டும், நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் பத்து வரி. எந்த நாட்டுக்கு என்று நான் யோசிக்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லட்டுமே என்று அவளுக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினேன்.

அந்தக் குரூப்புக்கு ஆள் எடுக்க வைத்த தேர்வு முடிந்த வாரம் எங்களை வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தொழில்பேட்டையில் ஏசி மெக்கானிக். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் ரிசோர்ஸ் ரூம் என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகும், வேறு இடம் இல்லாமல் இங்கே உட்காரவைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

அந்த அறையின் டீச்சர் நாகர்கோவில் பக்கம், என்னைவிடச் சின்னவர். பக்கத்தில் சூப்பர்வைசர் அம்மா உட்கார்ந்திருந்தார். டீச்சர் மேஜையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று நான் நிரப்பிய ஃபாரம். மற்றது மகளின் தேர்வுத்தாள். அதில் வெறும் எண்களாக இருந்த கணக்கெல்லாம் சரி. வாக்கியமாகக் கொடுத்திருந்த கணக்கு ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

"இந்த ஃபாரம் பிள்ளை எழுதினதா, மேடம்?"

"அவ எழுத்துதான் அது. பிள்ளை எழுதாம பின்ன யாரு எழுதுவா?" என்றேன், குரலை உயர்த்தியே.

டீச்சர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, ஃபாரத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கணீரென்று பத்து வரியும் வாசித்தாள். நான் வீட்டுக்காரரைப் பெருமையோடு பார்த்தேன். டீச்சர் ஃபாரத்தை வாங்கி வைத்துவிட்டு வேறொரு தாளை நீட்டி, "இன்னொரு தடவை வாசி" என்றார். அது பள்ளி பஸ் நேரம் மாறியதைப் பற்றிய சுற்றறிக்கை. மகள் அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, நான் விஞ்ஞானி ஆக விரும்புகிறேன் என்று ஆரம்பித்து, நாட்டுக்கு உழைப்பேன் என்று முடித்தாள்.

என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. அதை யாருக்கும் தெரியாமல் இரண்டு வருடம் மூடி வைத்தவள் நான்.

"புத்தியில குறை ஒண்ணும் இல்லை. எழுத்துதான் பிடிபட மாட்டேங்குது. வேற விதமா சொல்லிக்குடுக்கணும்" என்றார் டீச்சர். சூப்பர்வைசர் அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. அடுத்த டெர்ம் முடிவதற்குள் வாசிக்க வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சென்டர்கள் ஷார்ஜாவில் எங்கள் கைக்கு எட்டுகிறவை அல்ல.

காரில் வீட்டுக்காரர் சொன்னார். "அப்படி ஆச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. நான் ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டு, ஆளுங்க சேர்ந்து தங்குற ரூம்ல ஒரு கட்டில் பாத்துக்கிடுதேன்."

கல்யாணமாகி முதல் ஆறு வருடம் ஃபோனிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். மறுபடியும் அதற்கு எனக்குத் தெம்பு கிடையாது. பின் சீட்டில் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சிக்னலில் அவள் வண்டி நம்பர்களைக் கூட்டவில்லை.

டீச்சர் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க நோட்டைத் தொடக் கூடாது, மேடம். எப்படி எழுதினாலும் அப்படியே வரட்டும்."

கேட்கச் சுலபம். நோட்டுகள் சிவப்புச் சிவப்பாகத் திரும்பி வந்தன. வார லீவு வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் சர்ச்சின் ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் அங்கே அன்றைக்குத்தான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பூசை கண்டு வந்து சாப்பிட்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, பொறுக்கமாட்டாமல் நோட்டை எடுத்து மூன்று வரி எழுதிவிட்டேன். எழுந்து வந்தவள் பார்த்தாள். ரப்பரை எடுத்துத் தேய்த்தாள், தாள் கிழிகிறவரை தேய்த்தாள். பிறகு கிழிசலுக்குக் கீழே தன் எழுத்தில் ஆரம்பித்தாள். எனக்கு மானம் போயிற்று. அவளை நாலு சாத்து சாத்தலாமா என்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தினமும் முதல் பீரியட் அவள் ரிசோர்ஸ் ரூமுக்குப் போனாள். தட்டில் உப்பைப் பரப்பி, சத்தத்தைச் சொல்லிக்கொண்டே எழுத்தை விரலால் எழுத வேண்டும். வீட்டிலும் அதே. என் சமையல் உப்பில் பாதி அவளுடைய தட்டுக்குப் போனது. லிஃப்டில் ஒருத்தி, கிஃப்டட் குரூப் என்னாயிற்று என்று விசாரித்தாள். "அவ ரிசோர்ஸ் ரூமுக்குப் போறா" என்றேன். மாடி வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

டெர்ம் முடிவில் டீச்சர் அதே ஃபாரத்தில் புதிதாக ஒன்று கொடுத்தனுப்பினார். கணக்குக்கு மட்டும் கிஃப்டட் குரூப்புக்கும் இவள் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் வாதாடியிருக்கிறார். இதைப் பார்த்துத்தான் எல்லாம் முடிவாகும், பள்ளியில் இருப்பது உட்பட.

"மம்மி, நீங்க கிச்சன்லயே இருங்க. வெளிய வராதீங்க" என்றாள் மகள்.

தேவையில்லாத வெங்காயத்தையெல்லாம் உரித்தேன். டியூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே ஷூவோடு நின்றுவிட்டார். பென்சில் சத்தத்தைவிட ரப்பர் சத்தம்தான் அதிகம் கேட்டது. எழுதி முடித்ததும் மடித்துப் பையில் வைத்துவிட்டாள், என்னிடம் காட்டவில்லை.

மறுநாள் அதே மேஜை. மகள் தான் எழுதியதை ஒவ்வொரு சொல்லாக முட்டி மோதி வாசித்தாள்: எனக்குக் கணக்கு பிடிக்கும். வாசிப்பது கஷ்டம். இதை நானே எழுதினேன். அம்மா கிச்சனில் இருந்தார்.

நான் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் ஃபாரத்தை வாங்கிவிட்டு, பழையபடி ஒரு தாளை நீட்டினார். "இன்னொரு தடவை வாசி."

மகள் விரலை வைத்தாள். வாய் திறந்தது, மூடியது. விரல் முதல் வரியில் மெதுவாக நகர்ந்து நின்றது.

"மிஸ், இது வேற பேப்பர். இது பஸ் பேப்பர்" என்றாள்.

சூப்பர்வைசர் அம்மா பேனாவைத் திறந்து ஃபாரத்தில் அனுமதி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த பஸ் பேப்பரை நான் அவளுக்கு ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை.