வெண்குறுமீன் டீச்சர்

பிலோமினா டீச்சரின் மகள் ஷைனி காலையில் போன் செய்தாள். "அம்மா கசேரயில உக்காந்தாவ சார், பெறவு எழும்பல" என்றாள். டீச்சர் உட்கார்ந்தார் என்பதையே என்னால் முதலில் நம்ப முடியவில்லை. அவரோடு வேலை செய்த நண்பர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நம் கடற்கரைப் பள்ளியில் அவர் இயற்பியல், நான் தமிழ். அறிவியல் கண்காட்சிக்கு அவர் எழுதிய அட்டையில் 'வெள்ளைக் குள்ளன்' என்று இருந்தது. எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரத்துக்கு இது என்ன கேலிப்பெயர் என்று சொல்லி, 'வெண்குறுமீன்' என்று மாற்றினேன்; பழந்தமிழில் மீன் என்றால் நட்சத்திரமும்தான். பிள்ளையின் படிப்பைப் பார்க்க வந்த மீன்பிடி வள்ளக்காரர் ஒருவர் அட்டையை நெடுநேரம் படித்துவிட்டு, "இந்த மீன் எந்தக் கடல்ல வலையில படும் டீச்சர்? நாங்க கண்டதில்லியே" என்று கேட்டார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சுனாமியில் கணவரைப் பறிகொடுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அட்டையை மாற்றவும் விடவில்லை. அதன்பின் என்னைக் கண்டாலே "மீன் பட்டுதா சாரே?" என்பார்.

கணவர் போனபின் அவர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்ததே இல்லை. யாராவது விடுப்பு என்றால் அந்த வகுப்புக்கும் போவார். மாலையில் டியூஷன். உடம்பைப் பாருங்கள் என்று எத்தனையோ முறை கோபித்திருக்கிறேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியம் நின்றபடியே ஒரு செய்தி சொன்னார். வெண்குறுமீன் தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கினால் வெடித்துவிடும். ஆனால் சில, வழக்கத்தைவிட மிகப் பிரகாசமாக வெடிக்கின்றனவாம். எல்லைக்கு மேலும் எடை ஏறியிருக்க வேண்டும் என்கிறார்களாம். எப்படித் தாங்கியது என்று கேட்டேன். இரண்டு சேர்ந்து ஒன்றாகியிருக்கலாம், உறுதியில்லை என்றார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "நிக்காம வேகமா சுத்துனா கூடுதல் பாரம் தாங்குமாம் சாரே" என்றார். மணியடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார். அதன்பின் உடம்பைப் பாருங்கள் என்று நான் கோபித்ததில்லை.

அடக்கத்தன்று பெட்டியருகே ஷைனி வறண்ட கண்களோடு நின்றாள். அப்பாவுக்காக அம்மா ஒருநாளும் அழுததில்லை என்றாள். "அப்பாவ மறந்துட்டாவன்னு இத்தன வருசமும் அம்மாட்ட கோவமா இருந்தேன் சார்."

டீச்சர் அன்று சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். எந்த நட்சத்திரம் என்றுகூட அவள் கேட்கவில்லை. அம்மாவின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த வாக்கியம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. எனக்கென்று மிச்சமிருப்பது 'மீன் பட்டுதா' என்ற அவருடைய கேலிக் கேள்விதான். பட்டது டீச்சர், கையில் நிற்கவில்லை.