பேய் கட்டியிருந்த புடவை

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் பாதிக் காரணம். மீதிப் பாதி தறி. அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியின் கல்யாணமும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. இப்படிப்பட்டவன் பேய்ப் படத்துக்குப் போயிருக்கவே கூடாது. தெருவே போனது, நானும் போனேன்.

அது ஏழைப் பேய்ப் படம். ஒரே பங்களா, ஒரே மாடிப்படி, ஒரே பூனை. கல்யாணத்தன்றைக்குக் கிணற்றில் விழுந்து செத்த பெண் கூரைப்புடவையோடு ஆவியாக வருவாள். வருவதற்கு முன்னால் சாம்பிராணிப் புகை வரும். ஒரு காட்சியில் பேயின் காலில் ரப்பர் செருப்பு தெரிந்ததாக நிறையப் பேர் சத்தியம் செய்தார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளர் தெரு இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர், "ரத்தம் உறைஞ்சி பூடுச்சிபா" என்றார்கள். மீதிப் பேர், "டெண்ட் கொட்டாயில கொசு கடிச்சதுதான் மிச்சம்" என்றார்கள்.

மற்ற ஊர்களில் சண்டை அதோடு முடிந்திருக்கும். எங்கள் ஊரில் பேயின் புடவை என்ன கலர் என்று ஆரம்பித்தது.

படம் கறுப்பு வெள்ளை. ஆனால் பிறந்ததிலிருந்து சாயம் பார்த்த கண்களுக்கு அது கறுப்பு வெள்ளையாகத் தெரியவில்லை. ஒருத்தர் மாம்பழ மஞ்சள் என்றார். இன்னொருத்தர் கத்தரிப்பூ என்றார். எங்கள் வீட்டுக்கு அந்தச் சண்டை, தங்கச்சிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மா வழியாக வந்து சேர்ந்தது.

கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். பெண் வீட்டிலேயே தறி இருந்ததால், பட்டும் ஜரிகையும் அவர்கள் கொடுத்து, நெய்வது நாங்கள் என்று பேச்சு. அரக்கு உடல், பச்சைக் கரை; தங்கச்சியே கேட்டு வாங்கிய கலர். உடலையும் கரையையும், ஊடு நூலை ஓட்டும் தனித்தனி நாடாவால் கோர்த்து நெய்கிற புடவை அது. உடலுக்கு நான்; கரைக்கு, என் பக்கத்தில் தங்கச்சி. தன் புடவையைத் தானே நெய்துகொண்டு இருந்தாள்.

பாதிப் புடவை நெய்திருந்தபோது சின்ன காஞ்சிபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். வந்தவர் தறியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா இது? படத்துல பேய் கட்டிக்கினு வந்த அதே அரக்கு!"

என் கால் தறியின் மிதிகட்டைமேல் நின்றுவிட்டது. தங்கச்சி நாடாவைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அத்தை, பேய் கட்டிக்கினு வந்தது பாட்டில் பச்சை."

"எனக்குத் தெரியாதா அரக்கு? வூட்டுக்கு வர்ற மருமக கிணத்துல வுழுந்தவ புடவையைக் கட்டிக்கினு வரணுமா? இதை அறுத்துட்டு ரோஸ்ல வேற போடுங்க."

"முகூர்த்தம் தையில இருக்குது அத்தை. இன்னொரு பாவு நூலுக்குச் சாயம் போட்டு எப்ப நெய்யறது? நான் கட்டுனா இதைத்தான் கட்டுவேன். இல்லாட்டி கல்யாணமே வேணாம்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீயும்தானே பார்த்தே? சொல்லு, இன்னா கலரு?" என்றார் அத்தை.

நான் என்ன சொல்வேன்? புகை வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டவன் நான். பேயை நான் பார்க்கவே இல்லை. "அது... சாம்பல் கலரா இருந்திருக்கும் அத்தை" என்றேன்.

"சாம்பலா? நெசவுக்காரனா நீ?" என்றார் அவர். அதில் மட்டும் தங்கச்சியும் அவரோடு சேர்ந்துகொண்டு சிரித்தாள்.

கடைசியில் வழி சொன்னது தங்கச்சிதான். "படம் இப்ப திருப்புட்குழி கொட்டாயில ஓடுது. மறுபடி பார்ப்போம். அரக்கா இருந்தா நானே அறுக்கறேன்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அரக்காகத் தெரிந்துவிட்டால்? தெரியாமல் போய் அத்தை ஒத்துக்கொள்ளாவிட்டால்? போகும்போது பஸ் டயர் வெடித்துவிட்டால்?

டயர் வெடிக்கவில்லை. முதல் ஆட்டத்துக்கே போய்ச் சேர்ந்தோம். பெண்கள் பக்கம் அவர்கள் இரண்டு பேரும், குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் மணலில் நான். சுற்றிலும் நாற்று நட்டுவிட்டு வந்த விவசாயக் குடும்பங்கள். இந்த ஊரில் படம் நன்றாக எடுபட்டது. பூனை கத்தியதற்கே பக்கத்திலிருந்த பெரியவர் என் தொடையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

சாம்பிராணிப் புகை வந்தது. கண்ணை மூடினேன். கொட்டாயே மூச்சு விடாமல் இருந்தது. அந்த அமைதியில் பெண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் கேட்டது.

"அடியே! கரையைப் பாருடி! மாடிப்படியில இழுபடுது பாரு! கோர்த்து நெய்ஞ்சதில்ல அது, ஊசி நூல்ல தைச்சது! தையல் வுட்டுக்கினு தொங்குது!"

"ஆமா அத்தை! துணியும் பட்டு இல்ல, பாருங்க எப்படித் துவளுது!"

"உக்காரும்மா!" என்று ஒரு குரல். "பேய்க்கு இன்னா, காஞ்சிபுரம் பட்டா கேக்குது?" என்று இன்னொரு குரல்.

அத்தை எழுந்தே நின்றுவிட்டார். "பின்ன? கல்யாணத்துக்கு இப்படி ஒட்டுக் கரை போட்டுக் குடுத்தா எவதான் அடங்குவா? அதான் ஆவியா அலையறா!"

கொட்டாய் சிரித்த சிரிப்பில் கீற்று பறந்துவிடும் போல இருந்தது. அதற்குமேல் பேய் எத்தனை முறை வந்தாலும் யாராவது ஒருத்தர், "கரை பத்திரம்மா!" என்று கத்தினார்கள். பக்கத்துப் பெரியவருக்குத்தான் கோபம். "நல்லா பயந்துக்கினு இருந்தோம், கெடுத்துட்டா" என்று என் தொடையை விட்டுவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மெதுவாகக் கேட்டேன், "அத்தை, கலரு?"

"எந்தக் கலரா இருந்தா இன்னாபா? அது புடவையே இல்ல. உன் தறியில இருக்கறதுதான் புடவை. நெய்யி."

அது அரக்கா பச்சையா என்பது இன்றுவரை தீரவில்லை. தங்கச்சியும் அவள் மாமியாரும் பிற்பாடு ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு அதைப் பேசிப் பேசிச் சண்டை போட்டார்கள்.

மிச்சப் புடவையை நெய்தபோது என் கவலை வேறு பக்கம் போனது. ஒவ்வொரு சாணுக்கும் கரையை இழுத்துப் பார்த்தேன். "நீ இழுக்கற இழுப்புலயே பிரிஞ்சிடும்ணா, வுடு" என்றாள் தங்கச்சி.

முகூர்த்தத்தன்று மணையில் உட்காருவதற்கு முன் மாப்பிள்ளையின் அம்மா அவளை நிறுத்தி, கரை சேருகிற இடத்தை உள்பக்கமிருந்து கட்டைவிரலால் ஒருமுறை நீவிப் பார்த்தார். "இவ அலைய மாட்டா" என்றார். என்ன ஏது என்று புரியாமல் மாப்பிள்ளை விழித்தார்.

மேளம் வேகமெடுத்தது. தாலியின் முடிச்சு சரியாக விழ வேண்டுமே, யாரும் தும்மிவிடக் கூடாதே என்று எனக்குள் ஓடியது. பக்கத்தில் ஹோமப் புகை வேறு. பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டேன்.

மேளத்துக்கு நடுவில் தங்கச்சியின் குரல் கேட்டது. "அண்ணா, இதையாவது கண்ணைத் தொறந்து பாரு."

திறந்தேன். அரக்குதான்.