மணல் திட்டில் விட்டுவந்த மருமகள்

மெட்ராஸ்காரர்களைப் படகில் ஏற்றி, பழவேற்காட்டு ஏரியில் தீவு தீவாகக் காட்டி, பொழுது சாய்வதற்குள் கரை சேர்க்கிற தொழிலை ஆரம்பித்தவன் நான்தான். இதைச் சொன்னால் அந்தப் பக்கம் இன்றைக்கும் சில பேருக்கு முகம் கறுக்கும். கறுக்கட்டும். எனக்கு முன்னாலும் அங்கே படகு இருந்தது, தண்ணீர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, ஜட்கா பிடித்து வந்து, கரையில் நின்று ஏரியை வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பட்டணத்து ஜனங்களும் இருந்தார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற மூளைதான் யாருக்கும் இல்லை. இரண்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அது இருந்தது.

இத்தனைக்கும் நான் கடற்கரையில் பிறந்தவன் இல்லை. திருப்பாச்சூர் பக்கம் கழனி வைத்திருந்த குடும்பம். அண்ணன்மாரோடு சண்டை போட்டுக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பியவன், ஏரிக்கு வந்து படகு தள்ளுகிற கம்பு ஊன்றப் பழகினேன். பிற்பாடு லாரி வாங்கியதும், புதுவாயலில் ஷெட் போட்டதும், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது அங்கே இறங்கிய இரும்பில் பாதி என் வண்டியில் இறங்கியதும் வேறு கதை. வெள்ளம், தீ, வண்டி கவிழ்ந்தது எல்லாம் பார்த்தாயிற்று. எதற்கும் நான் கலங்கியதில்லை. ஆனால் கை கால் ஓய்ந்து வாயடைத்துப் போவது என்றால் என்ன என்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு தை மாதத்துச் சாயங்காலம் எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்குக் கூட்டாளி ஒரு கிழவர். ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்கு ஒரு படகு, அவருக்கு ஒரு படகு. அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவரிடம் மட்டும் இல்லை, அந்தக் கரையில் எல்லாப் படகுக்காரர்களிடமும் இருந்தது. படகில் ஏறுகிற தலைகளை எண்ணக் கூடாது. எண்ணினால் அதில் ஒன்றை ஏரி தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளுமாம். வந்த புதிதில் ஒரு நாள் நான் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்ததற்கு, கம்பாலேயே முழங்கையில் ஒன்று வைத்தார்.

“நெல்லு மூட்டையாடா எண்றதுக்கு, கழனிக்காரா?”

அதற்கப்புறம் நான் எண்ணியதில்லை.

அந்தத் தை மாதம் மண்ணடியில் இருந்து ஒரு பாய் குடும்பம் வந்தது. பழவேற்காடுதான் பூர்வீகம். பட்டணத்தில் கடை வைத்துப் பெரிதாக ஆனவர்கள். பெரிய பாய் என்னைப் போலவே அடிமட்டத்தில் இருந்து வந்த மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டு. மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. புது மருமகளுக்குச் சொந்த ஊரையும் ஏரியையும் காட்ட வேண்டும் என்று பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மணல் திட்டுக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மாலைக்குள் திரும்புவதாகப் பேச்சு.

அவர்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. நாங்கள் அதற்குப் பழகியவர்கள். படகின் நடுவில் மூங்கில் நட்டுச் சுற்றிலும் திரை கட்டிவிடுவோம். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. முன்முனையில் நின்று கம்பு ஊன்றுகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவனை அந்தக் கரையில் யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். வெளியாட்கள் காதுபட வீட்டுப் பெண்களின் பெயரை அவர்கள் சொல்வதும் கிடையாது. “உள்ளார கேளு”, “உள்ளார சொல்லு” என்றுதான் பேச்சு. நான் மதித்த வழக்கங்கள்தான் இவை. மதித்ததில் இன்றும் எனக்கு வருத்தம் இல்லை.

திட்டில் ஒரு பக்கம் ஆண்கள். ஈச்சம்புதருக்கு அந்தப் பக்கம் பெண்கள். பிரியாணி வாசனை ஏரி முழுக்கப் போயிருக்கும். எனக்கும் கிழவருக்கும் தனியாக ஒரு தட்டு நிறைய வந்தது. சாப்பிட்டுவிட்டு நான் படகு நிழலில் சாய்ந்திருந்தேன். கிழவர் திடீரென்று எழுந்து நின்று காற்றை முகர்ந்தார். வாடைக் காற்று பலமாகப் பிடிக்கப் போகிறது என்றார். பௌர்ணமி வேறு. கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏறும், காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும், இந்தத் திட்டில் பாதி மூழ்கும் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவசர அவசரமாகக் கிளப்பினோம். தேக்சாப் பாத்திரமும் கோரைப் பாயும் ஜமக்காளமும் கைக்கு வந்த படகில் ஏறின. வீட்டு ஆண்கள் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்துக்கொள்ள, அந்தச் சந்து வழியாகப் பெண்கள் நடந்து வந்து படகில் ஏறினார்கள். எல்லாரும் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியவர்கள். காலையில் என் படகில் வந்த சிலர் கிழவரின் படகில் ஏறியது எனக்கே சத்தத்தில் தெரிந்தது. பெரிய பாய் பொதுவாகக் குரல் கொடுத்தார்.

“உள்ளார எல்லாம் ஏறியாச்சா?”

ஆச்சு என்று இந்தத் திரைக்குள்ளிருந்து ஒரு குரல். ஆச்சு என்று அந்தத் திரைக்குள்ளிருந்து ஒரு குரல். கம்பை ஊன்றித் தள்ளினோம். காற்று முதுகைத் தள்ள, படகு தானாகவே ஓடியது.

கரையில் கூண்டு வண்டிகள் தயாராக நின்றன. படகை ஒட்டி வண்டியை நிறுத்தி, திரையோடு திரை சேர்த்துப் பெண்கள் வண்டிக்குள் போய்விட்டார்கள். நான் திரையை அவிழ்த்து, படகுக்குள் கிடந்த மணலைக் கழுவ ஆரம்பித்தேன். பலகைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. சிவப்பு வெல்வெட், சரிகை வேலை. காலையில் திட்டில் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்ததால் பெண்கள் எல்லாரும் செருப்பைப் படகிலேயே விட்டு இறங்கினார்கள். திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படகு மாறியவர்களுடையதைப் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இது மட்டும் மீதி.

மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்துக்கொண்டு கரை ஏறினேன். புது மாப்பிள்ளை வண்டியையே பார்த்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் தனியாக நின்றிருந்தான். என் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்பா பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். படகில் வரும்போதே அவனுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில் அப்பா முன்னால் பெண்டாட்டி எங்கே என்று எப்படிக் கேட்பது என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

நான் பெரிய பாயிடம் செருப்பை நீட்டினேன். அவர் வண்டிப் பக்கம் போய், இது யாருடையது என்று கேட்டார்.

முதல் வண்டிக்குள் அவருடைய மனைவியின் குரல். “நம்ம புதுப் பொண்ணோடது. ஏம்மா, அவ ஒங்க வண்டிலதானே இருக்கா?”

இரண்டாவது வண்டியில் இருந்து ஒரு பெண் சொன்னாள். “இல்லியே. ஒங்க படகுலதான் ஏறினான்னு இருந்தோம்.”

மாட்டின் கழுத்துமணி மட்டும் ஆடியது. நான் திரும்பி ஏரியைப் பார்த்தேன். வெயில் மஞ்சளாகிவிட்டது. காற்று தண்ணீரைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது. திட்டு மூழ்கும் என்று கிழவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தத் திட்டில் ஒரு மேடு கூட ஆள் உயரம் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு நீந்தத் தெரியும் என்று நினைக்க ஒரு நியாயமும் இல்லை.

கிழவர் என் படகில் ஏறிப் பின்முனையில் கம்போடு நின்றார். மாப்பிள்ளை தாவி ஏறினான். நான் தள்ளப் போகும்போது முதல் வண்டியில் இருந்து பெரிய பாயின் மனைவி இறங்கி வந்தாள். தண்ணீரில் முழங்கால் வரை நடந்து வந்து படகின் விளிம்பைப் பிடித்தாள். பெரிய பாய் தடுத்தார். பொழுது போகிறது, திரை கட்ட நேரமில்லை என்றார்.

“ஆம்பளைங்க போய்க் கூப்ட்டா அவ வெளிய வரமாட்டா. அவள எனக்குத் தெரியும்” என்றாள். ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வரும்போது எங்களைத் தள்ளிவிட்ட காற்று போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. என் வயதில் அந்த ஏரியில் என்னளவு கம்பு ஊன்றியவன் கிடையாது. அன்றைக்கு அது போதவில்லை. அந்தக் கிழவர் எனக்குச் சமமாக ஊன்றினார் என்பதை இப்போதாவது சொல்லி வைக்கிறேன். திரையில்லாத படகிலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அந்த அம்மாள் ஓதிக்கொண்டே வருவது மட்டும் கேட்டது.

திட்டை நெருங்கும்போது சூரியன் இறங்கிவிட்டது. கிழக்கே நிலா எழும்பியிருந்தது. திட்டு இருக்க வேண்டிய இடத்தில் திட்டு இல்லை. அடுப்புக் கரியும் வாழைப்பழத் தோலும் மிதந்து வந்து படகில் இடித்தன. மத்தியானம் நான் காலை நீட்டிப் படுத்திருந்த இடத்தில் என் கம்பு ஆழம் தேடியது. அந்த ஈச்சம்புதர் மட்டும் தண்ணீரில் இருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் தெரியவில்லை.

நான் அம்மா, அம்மா என்று கத்தினேன். மாப்பிள்ளை எழுந்து நின்று, ஏ, ஏ, இங்க பாரு என்று கத்தினான். அப்போதும் அவன் வாயில் பெயர் வரவில்லை. பதில் இல்லை. மறுபடியும் கத்தினோம். காற்றுதான் இரைந்தது. ஒரு பெண் போய்விட்டாள், நான் ஊன்றிய படகு அவளை விட்டுவிட்டு வந்ததால் போய்விட்டாள் என்று என் மனசு முடிவுகட்டிவிட்டது. கம்பு என் கையில் இருக்கிறதா இல்லையா என்று கூடத் தெரியவில்லை.

அப்போது அந்த அம்மாள் படகில் எழுந்து நின்றாள். துப்பட்டியைத் தலையில் இருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள் என்று கிழவர் பிற்பாடு சொன்னார். மருமகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அடிவயிற்றில் இருந்து வந்த கூப்பாடு. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“மாமி, இங்க இருக்கேன்.”

புதருக்குள்ளிருந்துதான். சின்னக் குரல். எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். படகைப் புதருக்குள் செருகினோம். ஈச்சம் மட்டையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். தொடைக்கு மேல் தண்ணீர். முள் கிழித்த கை முழுக்க ரத்தம். துப்பட்டியை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். அந்தத் தண்ணீரில், அந்தக் காற்றில், ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, இன்னொரு கை துப்பட்டியைப் பிடித்திருந்தது.

மாமியார்தான் அவளைத் தூக்கிப் படகில் போட்டாள். போட்ட பிறகு அவளைக் கட்டிக்கொண்டு, நாங்கள் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று கேட்டாள்.

உழுந்தது என்றாள்.

“புருசன் கூப்ட்டானேடி.”

“அவுங்க இவ்ளோ சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்ல மாமி. வேற யாரோன்னு நெனச்சேன்.”

மீதியையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சாயங்காலத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று புதருக்கு அந்தக் கோடியில் போய்த் தொழுதிருக்கிறாள். முடித்து எழுந்து வரும்போது படகுகள் அப்போதுதான் நகர்ந்திருக்கின்றன. தூரம் ஒன்றும் இல்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். மாமியாரும் அதைத்தான் கேட்டாள். ஏன் கூப்பிடவில்லை?

“ரெண்டு படகுலயும் வேத்து ஆம்பளைங்க நின்னுகினு இருந்தாங்க. என் சத்தம் அவுங்க காதுல உழுமேன்னு...”

வேற்று ஆம்பளை என்று அவள் சொன்னது என்னை. என் காதில் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு உயிர் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். கம்பு கையைவிட்டு நழுவியது. கிழவர் பின்னாலிருந்து அதைப் பிடித்தார். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைக் கண்டு பயந்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை கூட உண்டு. அந்தப் பயத்தை மட்டும் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

காற்று இப்போது எங்களோடு வந்தது. கரையின் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது மாமியார் சொன்னாள்.

“கத்துடி.”

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள்.

“கத்து. இப்பக் கத்து. நான் கேக்கணும்.”

“இவுங்கள்லாம் இருக்காங்க மாமி.”

“இவுங்க காதுல உழறதுக்குதான் சொல்றேன்.”

அந்தப் பெண் துப்பட்டிக்குள் ஏதோ முனகினாள். இன்னொரு தடவை என்றாள் மாமியார். இந்த முறை கொஞ்சம் கேட்டது. கிழவர் பின்னாலிருந்து, நிமிர்ந்து பார்க்காமலே, “கொக்கு கூட இத்தவிட நல்லாக் கத்தும்மா” என்றார். மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அது அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. மாமியார் மருமகளின் முகத்தில் இருந்த துணியைத் தன் கையால் விலக்கினாள்.

அவள் கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் சத்தம். அந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருந்ததை நான் நம்பவில்லை. மூச்சு தீர்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

கரைப் பக்கம் யாரோ தண்ணீரை அடித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. பெரிய பாய்தான். அந்தக் கத்தலைக் கேட்டு யாருக்கோ ஆபத்து என்று நினைத்து, உடுத்திய வேட்டி சட்டையோடு ஏரிக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார். மார்பு வரை தண்ணீர். தொப்பி எங்கேயோ போய்விட்டது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு என்று திணறினார்.

“ஒண்ணும் ஆவல. ஒங்க மருமவ கத்திப் பழகறா” என்றாள் அவர் மனைவி.

அவர் நிலா வெளிச்சத்தில் படகுக்குள் பார்த்தார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ கத்தச் சொல்லு” என்றார்.