இருவர் படகுக்கு ஏழு மூட்டை

ரப்பர் விலை ஏறியிருந்த 1920களின் நடுவில், செமோருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். என் மனைவியின் அண்ணன் ஈப்போவில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்து, சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் தன் கேன்வஸ் படகை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேர் உட்காரும் ஒடுக்கமான படகு. மடித்தால் இரண்டு பைக்குள் அடங்கிவிடும். கயாக் என்று பெயர். அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எஞ்சினியருக்குச் செய்யும் துரோகம் என்று மச்சான் முடிவு செய்தார். சீனப் பெருநாள் விடுமுறையில் கோலகங்சாரில் பேராக் ஆற்றில் இறங்கி, கரையோரம் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்கி வருவதாகத் திட்டம். எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. அதைத் திட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை.

"வெள்ளக்காரன் எப்படிப் போறான்? ஒரு பை, ஒரு கத்தி. அவ்வளவுதான்லா, மாப்ள," என்றார்.

அவருடைய பையில் கோட்டும் டையும் கறுப்புச் சப்பாத்தும் இருந்தன. வழியில் பெரிய அதிகாரி யாராவது எதிர்ப்பட்டால் வேண்டுமாம். நான் என் பங்குக்குக் கொசுவலை, அரிக்கேன் விளக்கு, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, என்னுடைய தலையணை ஆகியவற்றைக் கட்டினேன். தலையணை மாறினால் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். கூடாரத்துக்கென்று தோட்டத்து ஸ்டோரில் இரவல் வாங்கிய தார்ப்பாய் மட்டுமே ஓர் ஆள் கனம். மனைவி அரிசி, புளி, நெத்திலிக் கருவாடு, சட்டிகள் எல்லாம் கட்டி முடித்துவிட்டு, கடைசியாகச் சின்ன அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆத்துல அம்மி எதுக்கு?"

"மொளகா அரைக்காம எப்படிங்க கொழம்பு வைப்பீங்க? அண்ணனுக்குத் தூள் போட்டா எறங்காது."

மச்சான் மறுக்கவில்லை.

கோலகங்சாரில் கட்டைகளைப் பொருத்திப் படகைப் பூட்டவே பாதிக் காலை போயிற்று. பூட்டி முடித்தபோது ஒரு கட்டை மிச்சம் இருந்தது. பக்கத்தில் சம்பான் என்னும் மரப்படகை ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர் குந்தியிருந்து பார்த்தார். படகு சின்னது, சாமான் ஒரு கல்யாணத்துக்கு இருக்கிறது என்றார்.

"படகு அழகா இருக்குங்குறான்," என்று மச்சான் எனக்கு மொழிபெயர்த்தார். எனக்கும் மலாய் தெரியும் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

எதை விட்டுவிட்டுப் போவது என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம். அவர் கோட்டை விடவில்லை. நான் தலையணையை விடவில்லை. முடிவில் சோற்றுச் சாமானையும் அம்மியையும் தார்ப்பாயையும் கரையில் விட்டுவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்தோம்.

"இடுப்ப ஆட்டாதீங்க, மாப்ள!" என்று கத்திக்கொண்டே மச்சான் இடுப்பை ஆட்டினார். படகு கவிழ்ந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் சம்பான்காரர் ஓடிவந்தார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, "நில்லுங்கள்," என்றார். நின்றோம். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. கேன்வஸ் நீளமாகக் கிழிந்து போயிருந்தது. என் தலையணை நட்டாற்றில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. திட்டப்படி பயணம் போனது அது ஒன்றுதான்.

வீட்டுக்குத் திரும்ப இருவருக்கும் தைரியம் இல்லை. அந்தக் கரையிலேயே தார்ப்பாயைக் கட்டி மூன்று நாளும் இருந்தோம். சம்பான்காரர் மீன் கொண்டுவருவார். நான் மிளகாய் அரைத்துக் குழம்பு வைப்பேன். மூவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சாப்பிடும்போது, மச்சான் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"பதினோரு வருசம் அந்த எஞ்சினியர் மேசைக்கு முன்னால நின்னேன், மாப்ள. ஒரு தடவகூட உக்காருன்னு சொன்னதில்ல. படகக் குடுக்குறப்பதான், உக்காந்து பாருன்னாரு."

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டாள்.

"ஆறு ரொம்ப தூரம் போகுது, தங்கச்சி," என்றார் மச்சான்.

அடுத்த மாதம் நான் ஈப்போவுக்குப் போனபோது அவருடைய அலுவலக நண்பர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, மொத்தம் எத்தனை முதலை என்று விசாரித்தார்கள். மச்சான் என்ன கணக்குச் சொல்லி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

"எண்ணுற நெலமையில நான் இல்லீங்க," என்றேன்.