பனியைக் காய வைத்தவர்கள்

இருபது வருஷம் களிமண் பொம்மைகளை வெயிலில் காய வைத்தவனுக்கு, உலகத்தில் எல்லாமே வெயில் பட்டால் இறுகும் என்று ஒரு திமிர் வந்துவிடுகிறது. எனக்கு வந்திருந்தது. எங்களை இமயமலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரிக்கு என்னைவிடப் பத்து மடங்கு.

எங்கள் செராமிக் யூனிட்டிலும் அவர்தான் மேஸ்திரி, கோயில் பஜனைக் குழுவுக்கும் அவர்தான் தலை. போன தை மாசம் எங்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மலைமேல் இருக்கும் ஒரு சிவன் கோயிலுக்குப் புறப்பட்டார். பனிக்காலத்தில் நடை சாத்தியிருக்கும், வாசலில் நின்று கும்பிட்டாலே புண்ணியம் என்றார். நானும் மனைவியும் போனோம்.

அந்த வருஷம் அங்கே குளிரே இல்லை. வெறும் சட்டையோடு நின்றோம். மூன்று நாளாக எங்களோடு இருந்த உள்ளூர் வழிகாட்டி அதைப் பார்த்துத்தான் பயந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு பிடி பனியை அள்ளி அமுக்கினார், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. ஒரு கையை மறு கைமேல் வைத்து வழுக்கவிட்டு, மேலே சரிவைக் காட்டினார். உச்சிச் சூரியனைக் காட்டி வேண்டாமென்று கையாட்டினார், கிழக்கைக் காட்டித் தலையாட்டினார். விடிவதற்குள், உறைந்து கிடக்கும்போதே போய்த் திரும்ப வேண்டும், உச்சி வெயிலில் கூடாது என்கிறார். குழந்தைக்கும் புரியும்.

மேஸ்திரி சிரித்தார். “பச்சை மண்ணே மத்தியான வெயில்லதான் கெட்டியாவுது, இவரு நமக்குச் சொல்ல வந்துட்டாரு. இந்த வெயிலுக்கே பயப்படற ஆளு நம்மூரு சித்திரையப் பாக்கணும்.”

எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான். மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, அது காயலீங்க, ஒழுவுது. காலையில போலாம்.”

நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று, “சாமிகிட்ட போவ யோசிக்கிறவ எதுக்குக் கெளம்பி வந்த?” என்று கேட்டுவிட்டு நடந்தேன். எழுந்து பின்னால் வந்தாள். தலையில் அடித்துக்கொண்டு வழிகாட்டி கடைசியாக அவளோடு வந்தார்.

அரை மணி நேரம் நடந்திருப்போம். பின்னால் லாரியில் மண் கொட்டுகிற மாதிரி சத்தம். திரும்பினால் வந்த பாதை இல்லை, என் மனைவி இல்லை. வெள்ளை மேடு மட்டும் கிடந்தது. மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் கையால் தோண்டினேன். சரிந்து விழுந்த பனி சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. இறுகும் என்று மேஸ்திரி சொன்னது அந்த மட்டுக்கும் சரிதான்.

ரொம்ப நேரம் கழித்து மேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. வழிகாட்டி அவளைப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போட்டிருந்தார். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் கோயிலில் மேஸ்திரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஈசனே பனியைத் தடுத்து நிறுத்தினார் என்று மைக்கில் பேசினார். வெட்கமில்லாமல் நானும் கை தட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதர் சந்நிதியில் மனைவி அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மூன்று நாள் எங்களுக்கு வழிகாட்டிய மனிதரிடம் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடப் பேர் கேட்கவில்லை.

“பேரு தெரியாதுங்க சாமி,” என்றாள். “மலையில என்னை இழுத்துப் போட்டவரு.”